அஷ்டமி நவமியில் தொடங்கலாம்: சிறிய தொலைநோக்கியால் நிலவைப் படமெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில், ஒரு பக்கம் செம்பனையும் மறுபக்கம் சுண்ணாம்புக் குன்றுகளும் தெரிகிற தாமான் (வீடமைப்புப் பகுதி) ஒன்றில் என் வீடு இருக்கிறது. எங்கள் வரிசையில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் தோட்டத்து லயங்களிலிருந்து வந்தவர்கள். மாலையில் வாசலில் முக்காலியை விரித்து 70 மில்லிமீட்டர் தொலைநோக்கியை ஏற்றிவிட்டால், கோயிலுக்குப் போய்த் திரும்புகிறவர்களும் கடைக்குப் போகிற பிள்ளைகளும் நின்று பார்ப்பார்கள். பார்த்து முடித்ததும் கைப்பேசியை எடுத்து நீட்டுவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்குச் சற்று நிதானமாக எழுதிய விடைகள் இவை.

பௌர்ணமியன்று படமெடுக்கலாம் என்றிருக்கிறேன். எத்தனை மணிக்கு வெளியே வர வேண்டும்?

பௌர்ணமியை விட்டுவிடுங்கள். முதன்முறையாகத் தொலைநோக்கி வாங்குகிறவர்கள் எல்லோரும் தைப்பூசத்து நிலவுக்கோ சித்ரா பௌர்ணமிக்கோ காத்திருக்கிறார்கள். எடுத்த படத்தைப் பார்த்ததும் ஏமாந்து போகிறார்கள். பௌர்ணமியில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருந்து நிலவின் மீது நேராக அடிப்பதால், மலைகளின் நிழலும் பள்ளங்களின் நிழலும் அவற்றின் அடியிலேயே ஒளிந்துகொள்கின்றன. நிழல் இல்லாத இடத்தில் மேடும் பள்ளமும் தெரிவதில்லை. படம் சுண்ணாம்பு பூசிய தட்டுபோல் இருக்கும். டைக்கோ என்னும் பள்ளத்திலிருந்து நாலாபுறமும் ஓடும் வெள்ளைக் கதிர்களைப் பிடிக்க வேண்டுமானால் மட்டும் பௌர்ணமி நல்ல நாள்.

நிலவில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில் சூரியன் அப்போதுதான் உதித்துக்கொண்டிருக்கும். விடியற்காலையில் தோட்டத்து மண்சாலையில் ஒரு கூழாங்கல்கூட நீளமாக நிழல் விழுத்துவதுபோல, அந்தக் கோட்டருகே சிறு மேடும் பெரிதாகத் தெரியும். அந்தக் கோடு நிலவின் நடுவே ஓடுவது வளர்பிறை அஷ்டமியில். அஷ்டமியும் நவமியும் நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நம் வீடுகளில் ஒதுக்கி வைப்பார்கள். நிலவைப் படமெடுப்பவருக்கு மாதத்தில் அவற்றைவிட நல்ல நாள் கிடையாது.

எந்த நாளில் நிலவின் எந்தப் பகுதியைப் பிடிக்கலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே போதும். இதற்கென்று செயலிகள் இருக்கின்றன, நானும் வைத்திருக்கிறேன்; ஆனாலும் நாட்காட்டியைப் பார்த்தே பெரும்பாலும் முடிவு செய்கிறேன். காரணம், திதி என்பதே சூரியனுக்கும் நிலவுக்கும் இடையிலான கோணத்தின் அளவுதான். அந்தக் கோணம் 12 பாகை கூடும்போதெல்லாம் ஒரு திதி முடிந்து அடுத்தது பிறக்கிறது. நிலவின் மீது ஒளிக்கோடும் ஏறத்தாழ அதே 12 பாகை நகர்ந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு மாதமும் அதே திதியில் நிலவின் ஏறத்தாழ அதே பட்டைதான் விடியலில் இருக்கும். நிலவு சற்றே தலையசைப்பதால் அரை நாள் முன்பின் ஆகலாம்.

சதுர்த்தியில் ஓரத்தில் முட்டைவடிவக் கரும்பரப்பாக மாரே கிரிசியம் முழுதாகத் தெரியும். சஷ்டியன்று தியோபிலஸ், நடுவில் கூட்டமாக நிற்கும் சிகரங்களோடு, ஒளிக்கோட்டிலேயே உட்கார்ந்திருக்கும். 100 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் பள்ளம் சிறிய தொலைநோக்கியிலும் அழகாகப் பதியும். அஷ்டமியில், இருட்டுப் பக்கத்தில் மூன்று பள்ளங்களின் விளிம்புகள் மட்டும் வெயில் பட்டு, பெருக்கல் குறிபோல் சில மணி நேரம் மிதந்து மறையும். அது நம் மாலை நேரத்தில் வருவது எல்லா மாதமும் வாய்க்காது. நான் இரண்டு முறைதான் பிடித்திருக்கிறேன். அதே இரவில் அப்பென்னைன் மலைத்தொடர் வில்போல் வளைந்து வெளிவரும்.

நவமிதான் எனக்குப் பிடித்த இரவு. பிளேட்டோ என்னும் பள்ளத்தின் கறுத்த தளம், டைக்கோ, அதற்குத் தெற்கே 200 கிலோமீட்டருக்கு மேல் அகன்று கிடக்கும் கிளேவியஸ், அதன் தரையில் பெரியதிலிருந்து சிறியதாக வளைந்து வரிசைகட்டிய குழிகள், இவற்றோடு ‘நேர்ச்சுவர்’ என்று பெயர்பெற்ற 110 கிலோமீட்டர் நீளப் பிளவும் ஒரே இரவில் கிடைக்கும். சுவர் என்று பெயர் இருந்தாலும் அது சரிவுதான். வளர்பிறையில் தன் நிழலால் கறுப்புக் கோடாகவும், தேய்பிறையில் வெயில் எதிர்ப்பக்கத்திலிருந்து படுவதால் வெள்ளைக் கோடாகவும் அது தெரியும். தசமியில் 93 கிலோமீட்டர் அகலமுள்ள கோப்பர்நிக்கஸ். துவாதசியில், நிலவின் மிகப் பிரகாசமான இடங்களுள் ஒன்றான அரிஸ்டார்க்கஸ்.

நாட்காட்டியைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் அச்சான பஞ்சாங்கம் என்றால் அதிலுள்ள நேரம் இந்திய நேரம். அதை மலேசிய நேரமாக்க 2 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். காலையில் அஷ்டமி என்று போட்டிருந்தாலும் மாலைக்குள் நவமி பிறந்திருக்கக்கூடும்.

தேய்பிறையின் பாதி நிலவு நள்ளிரவை ஒட்டியோ அதற்குப் பின்னரோ எழுவதால் அதைப் படமெடுப்பவர்கள் குறைவு. ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போன நம் பெரியவர்கள்தாம் அந்த நிலவை நன்றாக அறிந்தவர்கள்: தேய்பிறை அஷ்டமியில் பாதி நிலவு விடியும் வேளையில் உச்சிக்கு அருகே நிற்கும்.

எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்?

சில நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும் 70 மில்லிமீட்டர் வில்லைத் தொலைநோக்கி, 700 மில்லிமீட்டர் குவியத் தூரத்தோடு இருந்தால், தொடங்குவதற்குப் போதும். 114 மில்லிமீட்டர் ஆடித் தொலைநோக்கி கூடுதல் விவரம் காட்டும். ஆனால் அதன் ஆடிகளை அவ்வப்போது நேர்படுத்த வேண்டும், அதில் பொறுமை இழந்து மூலையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். 90 மில்லிமீட்டர் மக்சுத்தோவ் வகை விலை கூடியது, கைக்கு அடக்கமானது, நிலவுக்கென்றே செய்ததுபோல் இருக்கும். மறுபடி வாங்கினால் நான் அதைத்தான் வாங்குவேன்.

பெட்டியின் மேல் 525 மடங்கு என்று அச்சிட்டிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். தொலைநோக்கியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதே பயனுள்ள உருப்பெருக்கத்தின் மேல் எல்லை. 70 மில்லிமீட்டருக்கு அது 140. என் முதல் தொலைநோக்கியை அந்த 525-ஐ நம்பித்தான் ஒரு பேரங்காடியில் வாங்கினேன். அதனுடைய முக்காலி, பக்கத்தில் மூச்சுவிட்டாலே ஆடியது.

அமெரிக்கர்கள் நட்ட கொடி தெரியுமா?

தெரியாது. 70 மில்லிமீட்டர் வில்லை பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய விவரம் நிலவில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். அங்கே விட்டு வந்த இறங்குகலத்தின் அடிப்பகுதி, விரிந்த கால்களோடு சேர்த்தும், 9 மீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் 1971 ஜூலையில் அப்பல்லோ 15 இறங்கிய இடம் அப்பென்னைன் மலையடிவாரத்தில் இருக்கிறது. அந்த மலை உங்கள் படத்தில் தெளிவாக விழும்.

கைப்பேசியாலேயே எடுக்க முடியுமா?

முடியும், அதிலிருந்து தொடங்குவதே நல்லது. கண் வைத்துப் பார்க்கும் சிறு வில்லைக்குழலை ஐபீஸ் என்பார்கள். அதன் மேல் கைப்பேசியைக் கவ்விப் பிடிக்கும் பிடிப்பான் மலிவாகக் கிடைக்கிறது. கையால் பிடித்து ஒரு நல்ல படம் எடுப்பதற்குள் முப்பது படம் கெடும், பிடிப்பானுக்குச் செலவழியுங்கள். 25 மில்லிமீட்டர் ஐபீஸில் தொடங்குங்கள். 700 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் அது 28 மடங்கு தரும். பழகியபின் 10 மில்லிமீட்டருக்குப் போகலாம். 70 மடங்கில் முழு நிலவும் இன்னும் வட்டத்துக்குள் அடங்கும். கைப்பேசியில் பல கேமராக்கள் இருந்தால் முதன்மைக் கேமராவை மட்டும் ஐபீஸின் நடுவே பொருத்துங்கள். பொத்தானைத் தொட்டாலே குழல் அதிரும் என்பதால் 3 விநாடித் தாமதம் வைத்துக்கொள்ள வேண்டும்.

சில கைப்பேசிகள் நிலவைக் கண்டதும் தாமாகவே விவரங்களைச் சேர்த்து அழகாக்கிவிடுகின்றன. அப்படி வந்த படம் உங்கள் தொலைநோக்கி கண்டதாகாது. ‘ப்ரோ’ முறைக்கு மாற்றி, காட்சியைத் தானாக மேம்படுத்தும் வசதியை அணைத்துவிடுங்கள்.

எடுத்தால் வெறும் வெள்ளைப் பொட்டுதான் வருகிறது. ஏன்?

கைப்பேசி சுற்றியுள்ள கருவானத்தையும் சேர்த்து அளந்து, இருட்டாக இருக்கிறதே என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. நிலவோ வெயிலில் கிடக்கும் பாறை; அதைப் பகல் காட்சியாகவே எண்ணி அளவு வைக்க வேண்டும். திரையில் நிலவின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். பள்ளங்கள் தாமே வெளிவரும்.

தனிக் கேமராவாக இருந்தால் என் 70 மில்லிமீட்டர் குழலுக்குப் பொருந்தும் அளவுகள் இவை: பௌர்ணமிக்கு ஐஎஸ்ஓ (உணரியின் ஒளியுணர்வு அளவு) 100, விநாடியில் 125-இல் ஒரு பங்கு, அஷ்டமிக்கு அதே நேரத்தோடு ஐஎஸ்ஓ 400, மூன்றாம் பிறை, நான்காம் பிறைக்கு ஐஎஸ்ஓ 800. பாதி நிலவு, முழு நிலவின் ஒளியில் பாதியைத் தரும் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே தரும், ஏனெனில் முழு நிலவில் மறைந்துவிடும் நிழல்கள் எல்லாம் பாதி நிலவில் விழுந்து கிடக்கின்றன. ஒளிக்கோட்டருகே இன்னும் மங்கலாக இருக்கும் என்பதால், இரண்டு மூன்று அளவுகளில் எடுத்துப் பார்ப்பது நல்லது.

1840-இல் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் நிலவைத் தகட்டில் பதிக்க ஏறத்தாழ 20 நிமிடம் திறந்து வைக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், நமக்குக் குறை சொல்ல இடமில்லை.

தனிக் கேமராவை மாட்டினேன், குவியமே வரவில்லை. கேமரா பழுதா?

பழுதில்லை. சிறிய ஆடித் தொலைநோக்கிகளில் இது வழக்கமான சிக்கல். பிம்பம் உருவாகும் இடம் குழலுக்கு மிக அருகில் இருக்க, கேமராவின் உணரியோ உடலுக்குள் சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. குவியம் சரிசெய்யும் திருகை முழுதும் உள்ளே தள்ளினாலும் இரண்டும் சந்திப்பதில்லை. இடையில் ஒரு பார்லோ வில்லையைச் செருகினால் பிம்பம் வெளியே தள்ளப்பட்டுக் குவியம் கிடைக்கும், நிலவும் பெரிதாகும். உணரியில் நிலவின் அளவைத் தெரிந்துகொள்ளக் குவியத் தூரத்தை 110-ஆல் வகுக்கலாம்: 700 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர் சொச்சம்.

நிலவைத் தானாகப் பின்தொடரும் தாங்கி வேண்டுமா?

மேல்நாட்டு நூல்களைப் படித்துவிட்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. விடை நம் ஊருக்கு வேறு. அப்படிப் பின்தொடர உதவும் ஈக்குவட்டோரியல் வகைத் தாங்கியின் அச்சை வடக்கு வான்முனையை நோக்கி, ஊரின் அகலாங்கு எத்தனை பாகையோ அத்தனை உயரத்துக்குச் சாய்க்க வேண்டும். சுங்கை சிப்புட்டுக்கு அது ஏறத்தாழ 5 பாகை. அடையாளமாகிய துருவ நட்சத்திரம் அடிவானத்தில் செம்பனை மட்டைகளுக்குப் பின்னால் கிடக்கிறது. நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மலிவான தாங்கிகள் பலவும் அவ்வளவு தாழ்வாகச் சாய்வதுமில்லை. சாய்த்தால் எதிர்ப்பாரம் முக்காலியின் காலில் இடிக்கிறது. ஆகவே மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் எளிய தாங்கியே நமக்கு உகந்தது.

அதற்கும் ஒரு தொல்லை உண்டு. நம் வானத்தில் நிலவு தலைக்கு மேலே ஏறிவிடுகிறது. உச்சம் கடக்கும்போது அதன் உயரம் எந்த மாதத்திலும் 55 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. லண்டனில் இருப்பவர் சில மாதங்களில் கூரை விளிம்பில் தேட வேண்டியிருக்கும் நிலவு, நமக்கு எப்போதும் தெளிந்த உயரத்தில் கிடைக்கிறது. ஆனால் குழல் நேர்மேலே நிமிரும்போது எளிய தாங்கிகள் திணறும், கேமரா முக்காலியின் காலில் முட்டும், பார்ப்பவர் தரையில் மண்டியிட வேண்டும். அஷ்டமி நிலவு சூரியன் மறையும் வேளையிலேயே, அதாவது 7 மணிக்கும் 7.30-க்கும் இடையே, உச்சியில் நிற்பதால் நான் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு 9 மணிக்குத் தொடங்குகிறேன். அதற்குள் நிலவு மேற்கே சரிந்து வசதியான கோணத்துக்கு வந்திருக்கும்.

நிலவு தன் அகலத்தைக் கடக்க 2 நிமிடம் எடுக்கிறது. விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரப் படத்தில் அந்த ஓட்டம் பதியவே பதியாது. பின்தொடரும் மோட்டார் இல்லாமலே நல்ல படம் எடுக்கலாம்.

திரையில் நிலவு தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிகிறது. என்ன செய்வது?

நெளிவது காற்று. முதலில் முக்காலி நிற்கும் இடத்தைப் பாருங்கள். பகல் முழுதும் வெயில் குடித்த சிமெண்டுத் தரையும் எதிர்வீட்டுத் தகரக் கூரையும் இரவு 10 மணி வரை சூட்டைக் கக்கும். புல்தரையில் வையுங்கள், நிலவு கூரைக்கு மேல் இருக்கும்போது எடுக்காதீர்கள். மாலை மழை பெய்து, கூரை குளிர்ந்து, வானம் விட்ட இரவு கிடைத்தால் தவறவிடாதீர்கள். மேற்காற்று வேகமாக வீசும் குளிர்நாடுகளைவிட நம் நாட்டில் மேல்வானம் பெரும்பாலும் அமைதியானது. நமக்குக் கெடுதல் செய்வது முகிலும் தரைச்சூடும்தாம்.

அடுத்தது, ஒற்றைப் படத்துக்குப் பதிலாக ஒரு நிமிடக் காணொளி எடுப்பது. விநாடிக்கு 30 படம் என்றால் 1,800 படங்கள் சேரும். அவற்றுள் காற்று அசையாத கணங்களில் விழுந்தவை சில இருக்கும். ஆட்டோஸ்டாக்கர்ட் என்னும் இலவச மென்பொருள் அவற்றைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் கொடுக்கிறது. சிறந்த 10 முதல் 20 விழுக்காட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ரெஜிஸ்டாக்ஸ் என்னும் மற்றொரு மென்பொருளில் கூர்மை ஏற்றலாம். இங்கேதான் பலர் கெடுக்கிறார்கள்: பள்ளத்தின் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு தோன்றினால் மிஞ்சிவிட்டது என்று பொருள். வில்லைத் தொலைநோக்கியில் ஓரத்தில் ஊதா நிறம் கசியும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் போய்விடும்.

என் படத்தில் நிலவு நூல்களில் இருப்பதுபோல் இல்லையே?

இரண்டு காரணங்கள். ஒன்று, நம் ஊரில் பிறை படகுபோல் மல்லாந்து கிடக்கிறது. குளிர்நாட்டவர் அச்சிட்ட படங்களில் அது நிமிர்ந்து நிற்கும். ஏறத்தாழக் கால் வட்டம் திருப்பினால் சரியாகும். மற்றொன்று தொலைநோக்கியின் வேலை: ஆடி வகை தலைகீழாக்கும், குழலின் கடைசியில் சாய்வுக் கண்ணாடி மாட்டிய வில்லை வகை இடவலம் மாற்றும். இடவலம் மாறிய படத்தைத் திருப்பாமல் வரைபடத்தோடு ஒப்பிட்டால் ஒரு பள்ளத்துக்கும் பெயர் கண்டுபிடிக்க முடியாது.

தெருவிளக்கு தொந்தரவா?

நிலவுக்கு இல்லை. கண் கூசினால் மறைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

எந்த மாதங்கள் நல்லவை?

மேற்குக்கரை மாநிலங்களில் ஜனவரி, பிப்ரவரி எனக்குக் கைகொடுத்திருக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை அதிகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை குறைந்தாலும் 2015-இலும் 2019-இலும் கண்டதுபோல் புகைமூட்டம் வந்துவிட்டால் நிலவு செம்புத் தட்டாகிவிடும். அந்த இரவுகளில் வெளியே நிற்பதும் நெஞ்சுக்கு நல்லதல்ல.

வில்லையில் வெள்ளை நூல்போல் படர்ந்திருக்கிறது. துடைக்கலாமா?

அது பூஞ்சணம். துடைத்தால் மேற்பரப்பு போகும், பழக்கமுள்ளவரிடம் கொடுங்கள். வராமல் காப்பதே எளிது. நம் ஈரக்காற்றில், கருவியைத் தோல் பையில் போட்டு அலமாரிக்குள் வைப்பதைப்போல் கெடுதல் வேறில்லை; நான் அப்படி ஒரு நல்ல ஐபீஸை இழந்தேன். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், நிறம் மாறியதும் காய வைத்து மறுபடி போடுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து நேரே வாசலுக்குக் கொண்டுவந்தால் வில்லையில் உடனே நீர் கோத்துக்கொள்ளும். மூடியைக் கழற்றாமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து பிறகு திறக்க வேண்டும்.

சூரியன் மறையுமுன் பிறையைத் தேடலாமா?

கூடாது. மெல்லிய பிறை சூரியனுக்கு அருகில் இருக்கும். தொலைநோக்கியில் ஒரு கணம் சூரியன் நுழைந்தாலும் கண் போய்விடும், கேமராவும் போய்விடும். சூரியன் முழுதும் மறைந்தபின் குழலைத் திருப்புங்கள். அஷ்டமி நிலவு சூரியனிலிருந்து 90 பாகை தள்ளி இருப்பதால் அதை மாலை 5 மணிக்கே நீலவானில் பார்க்கலாம். அப்போதும் பிள்ளைகளைத் தொலைநோக்கியோடு தனியே விட வேண்டாம்.

சந்திர கிரகணத்தை எடுக்க என்ன மாற்ற வேண்டும்?

நிலவு முழுதும் மறைந்து சிவந்ததும் அதன் ஒளி பல்லாயிரம் மடங்கு குறைந்துவிடும். அப்போது விநாடியின் நூறில் ஒரு பங்கு போதாது. ஐஎஸ்ஓ 800-இல் ஒன்று முதல் நான்கு விநாடி வரை தேவைப்படும். அதற்குள் நிலவு நகர்ந்துவிடுவதால், மோட்டார் இல்லாதவர்கள் ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றி நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், அல்லது தொலைநோக்கியை விட்டுவிட்டு 200 மில்லிமீட்டர் கேமரா வில்லையால் எடுக்கலாம். 2028 டிசம்பர் 31-ஆம் நாளுக்குரிய முழுக் கிரகணம், நம் கடிகாரப்படி, 2029 புத்தாண்டு பிறந்து ஏறத்தாழ 50 நிமிடத்தில் உச்சத்தை அடையும். நிலவு அப்போது வானத்தில் உயரத்தில் இருக்கும். மழைக்காலம் என்பதால் தொலைநோக்கியை மூட ஒரு தார்ப்பாயையும், வாணவேடிக்கைப் புகை எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.